ஹைடனிடம் தொடங்குங்கள்

சிம்பொனி கேட்கப் புறப்பட்டிருக்கும் நண்பர்களுக்கு,

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. அந்த மாலைக்குப் பிறகு நம்மிடையே ஒரு நல்ல ஆவல் பிறந்திருக்கிறது. சிம்பொனியை எப்படிக் கேட்பது, எதில் தொடங்குவது என்று கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், ஓய்வுபெற்றுக் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கும் பெரியவர்களும் கேட்கிறார்கள். பெரும்பாலானோர் கைகாட்டுவது பீத்தோவனின் ஐந்தாவதை, அல்லது ஒன்பதாவதை. நான் வேறொருவரைச் சொல்ல வந்திருக்கிறேன். யோசஃப் ஹைடனிடம் தொடங்குங்கள்.

பீத்தோவனிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவரிடமே முதலில் போகிறவர்களுக்குச் சிம்பொனி என்றாலே இடிமுழக்கம், மேடை நிறைய ஆட்கள், உணர்ச்சிப் பெருவெள்ளம் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. அடுத்த முழக்கம் எப்போது வரும் என்று காத்திருந்து, இடையில் நடக்கும் அத்தனையையும் தவறவிடுகிறார்கள். நான்கைந்து சுரங்கள் கொண்ட ஒரு சின்னத் துணுக்கு என்னவாகிறது, எங்கே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதைத் தொடர்ந்து கவனிப்பதுதான் சிம்பொனி கேட்பது. இதை ஹைடனைப் போலத் துலக்கமாகக் காட்டியவர் இல்லை. பதினைந்து பேரை வைத்துக்கொண்டே காட்டியிருக்கிறார்.

அவர் 1732இல், ஆஸ்திரியாவில் ஹங்கேரி எல்லையை ஒட்டிய ரோராவ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வண்டிச் சக்கரம் செய்பவர். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாமலே ஹார்ப் வாசிப்பார். அம்மா அவ்வூர்ப் பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர். எட்டு வயதில் பையனை வியன்னாவின் புனித ஸ்டீஃபன் பேராலயத்துப் பாடகர் குழுவுக்கு அழைத்துப் போனார்கள். குரல் உடைந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் மாடியறையில் குடியிருந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, தெருவில் வாசித்து, நிக்கோலா போர்போரா என்ற இத்தாலிய ஆசிரியருக்குப் பக்கவாத்தியமும் எடுபிடி வேலையும் செய்து பிழைத்தார். இசையமைப்பைப் பெரும்பகுதி தானாகவே கற்றுக்கொண்டார்.

1761 மே 1 அன்று எஸ்டெர்ஹாஸி இளவரசர் குடும்பத்தில் துணை இசைத் தலைவராகச் சேர்ந்தபோது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. அதைப் படித்தால் மனம் கனக்கும். சீருடை அணிய வேண்டும், வெள்ளைக் காலுறை போட வேண்டும், தலைக்குப் பவுடர் பூச வேண்டும். தினமும் வரவேற்பறையில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா என்று கேட்டு உத்தரவு வாங்க வேண்டும். எழுதும் இசை இளவரசருக்கே உரியது; படியெடுத்து வெளியே கொடுக்கக் கூடாது; அனுமதியின்றி வேறு யாருக்கும் எழுதக் கூடாது. ஆண்டுச் சம்பளம் 400 கில்டர். சட்டப்படி அவர் ஓர் அரண்மனை ஊழியர், அவ்வளவுதான். அந்தக் காலத்துப் புரவலர்களை நினைத்துப் பெருமூச்சு விடுபவர்கள் இந்த ஒப்பந்தத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அங்கே அவருக்கு வேறெங்கும் கிடைத்திராத ஒன்று கிடைத்தது: நாள்தோறும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நல்ல இசைக்குழு. இன்று எழுதியதை நாளைக்கே கேட்டுப் பார்க்கலாம். எது எடுபடுகிறது, எது சோர்கிறது என்று கண்டு வெட்டலாம், சேர்க்கலாம், துணிந்து பார்க்கலாம். உலகத்திலிருந்து விலகியிருந்ததால் தன்னைக் குழப்ப ஆளில்லை, ஆகவே தனக்கென ஒரு வழி பிறந்தே தீர வேண்டியதாயிற்று என்று முதுமையில் கிரீஸிங்கர் என்ற வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் அவர் சொல்லியிருக்கிறார். சேர்ந்த ஆண்டிலேயே ‘காலை’, ‘நண்பகல்’, ‘மாலை’ என்று மூன்று சிம்பொனிகள் எழுதினார் (6, 7, 8). குழுவில் இருந்தவர்களுக்கெல்லாம் தனித்து வாசிக்க இடம் வைத்தார். எப்போதும் பின்னால் நின்று அடித்தளம் போடும் டபுள் பேஸ் கலைஞருக்கும் தனி வாசிப்பு உண்டு. புதிதாக வந்த மேலதிகாரி சக கலைஞர்களுக்குச் செய்த மரியாதையாகவே நான் அதைக் கேட்கிறேன்.

இனி நீங்கள் அவசியம் கேட்க வேண்டிய ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது 45ஆவது சிம்பொனி, 1772இல் எழுதியது, ‘விடைபெறும் சிம்பொனி’ என்று பெயர் பெற்றது. எஸ்டெர்ஹாஸி குடும்பத்தின் நிக்கோலஸ் இளவரசர் ஹங்கேரியின் சதுப்பு நிலத்தில் எஸ்டெர்ஹாஸா என்ற பிரமாண்டமான கோடை மாளிகை கட்டியிருந்தார். அந்த ஆண்டு அவர் அங்கே தங்கியது நீண்டுகொண்டே போனது. இசைக் கலைஞர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஐஸன்ஷ்டாட் நகரில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்; மனைவி மக்களை அழைத்து வர அனுமதி இல்லை. எப்போது வீடு திரும்புவோம் என்று ஏங்கியவர்கள் ஹைடனிடம் வந்து முறையிட்டார்கள். ஹைடன் மனு எழுதவில்லை, சிம்பொனி எழுதினார்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். கடைசிப் பகுதி புயல் வேகத்தில் ஓடி, முடியப்போகும் தறுவாயில் சட்டென்று நிற்கிறது. மெதுவான, மென்மையான வேறோர் இசை தொடங்குகிறது. ஓபோவும் ஹார்னும் ஆளுக்குச் சில வரிகள் வாசித்துவிட்டு எழுந்து போகிறார்கள். பஸூன் போகிறது. டபுள் பேஸ் தன் பங்கை வாசித்து முடித்துவிட்டுப் போகிறது. செல்லோ, வயலின்கள், வயோலா என்று ஒவ்வொருவராக மேசை மெழுகுவத்தியை அணைத்துவிட்டு நடக்கிறார்கள். கடைசியில் ஒலியடக்கிய இரண்டு வயலின்கள் மட்டும். அந்த இரண்டில் ஒன்று ஹைடன், மற்றது முதல் வயலின் கலைஞர் லூயிஜி தொமாஸீனி என்பார்கள். இளவரசருக்குச் செய்தி புரிந்தது. மறுநாளே புறப்பட உத்தரவிட்டார் என்பது கதையின் முடிவு.

இந்தக் கதை எவ்வளவு அழகோ அவ்வளவு கெடுதலும் செய்துவிட்டது. எல்லோரும் கடைசி ஏழெட்டு நிமிடத்தை மட்டும் பார்க்கிறார்கள். முதல் பகுதியைக் கேளுங்கள். எஃப் ஷார்ப் மைனர் என்ற ஸ்கேலில் அந்தக் காலத்தில் யாரும் சிம்பொனி எழுதுவதில்லை. ஹார்ன்களுக்கு அப்போது வால்வு கிடையாது. குழலின் நீளம் எதுவோ அதற்குரிய சுரங்கள்தான் வரும். ஸ்கேல் மாற வேண்டுமானால் குழாய்த்துண்டுகளை மாற்றிச் செருக வேண்டும். இந்த ஸ்கேலுக்கு ஏற்ற துண்டு கைவசம் இல்லாததால், 1772 அக்டோபரில் அதைத் தனியாகச் செய்து வாங்கினார்கள். சதுப்பு நில மாளிகையில் அமர்ந்து ஒருவர் தன் மனத்தில் கேட்ட ஒலிக்காகப் புதிதாக உலோகத்தை வளைக்கச் செய்திருக்கிறார். அந்தப் பகுதி முழுக்க வயலின்கள் படி இறங்குவதுபோலப் பாய்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும், கீழே மற்றவை அடிமாறித் துடிக்கும், எங்கும் மூச்சு விட இடமிருக்காது. நடுவில், எதிர்பாராமல், ஒரு கனிவான மெட்டு வரும். வேறோர் உலகத்திலிருந்து வந்ததைப் போல இருக்கும். அது மறுபடி வராது. அந்தப் பகுதியில் திரும்ப வர வேண்டியவை எல்லாம் திரும்பி வரும், அது மட்டும் வராது. வீட்டு ஏக்கத்தை ஹைடன் அங்கேயே சொல்லிவிட்டார் என்பது என் துணிபு. கடைசியில் கலைஞர்கள் எழுந்து போவது அந்த ஏக்கம் கண்ணுக்குத் தெரியும் இடம். காதால் அது முன்னமே கேட்டாயிற்று.

அதே 1772இல் எழுதிய 47ஆவதில் ஒரு மினுவெட் நடனப் பகுதி உண்டு. முன்பாதியை அப்படியே பின்னிருந்து முன்னாக வாசித்தால் பின்பாதி கிடைக்கும். நம் மாலைமாற்று போல. காதுக்குக் கணக்கு வேலையாகவே தெரியாது, ஆடத் தோன்றும். 1774இன் 60ஆவதில் கடைசிப் பகுதி தொடங்கியதும் வயலின்கள் திடீரென்று நிறுத்தி, சுருதி சரியில்லை என்று கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்கும்; அதுவும் எழுதப்பட்ட இசையே. 90ஆவதில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் கை தட்டப் போகும்போது நான்கு தாளக்கட்டு மௌனத்துக்குப் பின் அரைச் சுரம் தள்ளிய ஸ்கேலில் மெல்ல மறுபடி ஆரம்பிக்கும். இவற்றை வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்பவர் அடுத்து எதை எதிர்பார்ப்பார் என்பதை இவ்வளவு நுட்பமாக அறிந்து எழுதியவர் அவருக்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கேட்பவரின் காதுக்கும் அறிவுக்கும் அவர் வைத்த மதிப்பு அது. கவனிக்கிறவர்களுக்குத்தான் அந்த மௌனம் வேலை செய்யும்.

1779இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, வெளியாருக்கு எழுதவும் பதிப்பிக்கவும் உரிமை கிடைத்தது. 1785, 86இல் பாரிஸின் ஓர் இசைச் சங்கத்துக்காக ஆறு சிம்பொனிகள் (82 முதல் 87 வரை) எழுதினார். ஒவ்வொன்றும் நன்றாக இருக்கும். ஆனால் நான் உங்களை நிறுத்த விரும்பும் இடம் அதற்கடுத்த ஆண்டு எழுதிய 88.

முதன்முறையாகச் சிம்பொனி கேட்பவர் யாரானாலும் 88ஐத்தான் கையில் கொடுப்பேன். இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட. நான்கு பகுதிகள். முதல் பகுதியில் சிறிய முன்னுரைக்குப் பின் வயலின்கள் மட்டும் மென்மையாக ஒரு துள்ளல் மெட்டைச் சொல்லும். அதை மனப்பாடமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவதில் ஏறக்குறைய எல்லாமே அதிலிருந்து பிறந்ததுதான். தனியே வரும், கீழே பேஸுக்குப் போகும், மைனரில் இருண்டு வரும், ஒரு புல்லாங்குழல் மேலே கொடிபோல் படர்ந்திருக்கத் திரும்பி வரும். எங்கே ஒளிந்திருந்தாலும் அடையாளம் கண்டுகொண்டீர்களானால் சிம்பொனி கேட்கும் வித்தை உங்களுக்கு வந்துவிட்டது. இனி பீத்தோவனும் பிராம்ஸும் உங்களை மிரட்ட மாட்டார்கள்.

இரண்டாம் பகுதி மெதுவானது. ஓபோவும் தனிச் செல்லோவும் ஒரு நீண்ட மெட்டைச் சேர்ந்து பாடும். நிரவலில் வரி நிலைத்திருக்க இசை விரியும் அல்லவா? இங்கே மெட்டு மாறாமல் நிற்கிறது, அதைச் சுற்றியிருப்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இதில் இன்னொரு நுட்பம். டிரம்பெட்டும் டிம்பனியும் முதல் பகுதி முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். ஆரவாரத்துக்கு உரிய அந்த வாத்தியங்களை ஹைடன் இந்த அமைதியான பகுதியின் நடுவில்தான் முதன்முதலாக முழங்க வைக்கிறார். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சத்தத்தால் மட்டும் வருவதில்லை அந்தச் சிலிர்ப்பு. அதுவரை அவர் சேமித்து வைத்த மௌனத்துக்கு அதில் பெரும் பங்கு.

மூன்றாம் பகுதியின் நடுவே வயோலாவும் பஸூனும் விடாமல் சுருதி பிடிக்க, மேலே ஒரு நாட்டுப்புற மெட்டு ஓடும். தம்புரா கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் சுருதி அசையாது. இவருடையது திடீரென்று இடம் மாறும், அதோடு நாமும் சறுக்குவோம். இதே சுருதிப் பிடிப்பு அவருடைய கடைசிச் சிம்பொனியான 104இன் இறுதிப் பகுதியிலும் வரும்.

1790 செப்டம்பரில் நிக்கோலஸ் இளவரசர் இறந்தார். அடுத்து வந்த அன்டன் இசைக்குழுவைக் கலைத்துவிட்டார். ஹைடனுக்கு 58 வயது. பெயரளவில் பதவி, ஓய்வூதியம், முதன்முறையாகச் சுதந்திரம். அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து யோஹன் பீட்டர் ஸாலமோன் என்ற வயலின் கலைஞர் வியன்னாவுக்கு வந்து, உங்களை அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்று நின்றார். டிசம்பர் 15இல் புறப்பட்டு, 1791 புத்தாண்டு நாளில் ஹைடன் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். கடலையே அதற்குமுன் பார்த்திராதவர். 1791 முதல் 1795 வரை இரண்டு பயணங்களில் லண்டனுக்காக அவர் எழுதிய பன்னிரண்டு சிம்பொனிகள்தாம் 93 முதல் 104 வரை. அரண்மனை மண்டபத்தில் ஒரு முதலாளிக்காக எழுதியவர், இப்போது காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வருகிற நகரத்து மக்களுக்காக எழுதினார். இசை அகன்றது, சுருங்கவில்லை. 1794இல் ‘ராணுவச் சிம்பொனி’யின் இரண்டாம் பகுதியை மக்கள் கை தட்டி மறுபடி வாசிக்கச் செய்தார்கள். 1795 மே 4 அன்று 104ஐ முதன்முதலாக வாசித்த அவருடைய சொந்தக் கச்சேரியில் மட்டும் 4000 கில்டர் கிடைத்ததாகத் தன் குறிப்பேட்டில் எழுதினார். 1761இன் சம்பளக் கணக்கில் அது பத்தாண்டு ஊதியம்.

94ஐ ‘வியப்புச் சிம்பொனி’ என்பார்கள். குழந்தைப் பாட்டுப் போன்ற ஒரு மெட்டு மெல்ல வரும், இரண்டாம் முறை இன்னும் மெல்ல, பதினாறாவது தாளக்கட்டில் முழுக்குழுவும் ஒரே அடி. தூங்குபவர்களை எழுப்பவா அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது ஹைடன் மறுத்தார். தன் பழைய மாணவர் பிளையெல் போட்டிக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த பருவத்தில் புதிதாக ஏதேனும் செய்ய நினைத்ததாகச் சொன்னார். நான் கேட்டுக்கொள்வது, அந்த அடியோடு நிறுத்திவிடாதீர்கள். அது அப்படியே திரும்ப வருவதில்லை. வரும் வருமென்று நாம் காத்திருக்க, மெட்டு மைனரில் சீறி, ஓபோவில் துள்ளி, கடைசியில் கலங்கலான இணைச்சுரங்கள் மேல் நிற்கத் தயங்கியபடி அடங்கும். அந்த முடிவுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான வியப்பு.

இவ்வளவு பெரியவரை ஏன் நாம் இரண்டாம் வரிசையில் வைத்தோம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காரணம் ‘பாப்பா ஹைடன்’ என்ற அன்புப் பெயர். உடன் வாசித்தவர்கள் தகப்பனைப்போல் எண்ணி அழைத்த பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கதைசொல்லும் தாத்தாவாகத் திரித்துவிட்டது. ஷூமானைப் போன்ற மேதையே, அவர் வீட்டுக்கு வந்துபோகும் பழைய நண்பர், நமக்குப் புதிதாகத் தர அவரிடம் ஒன்றுமில்லை என்ற பொருளில் எழுதினார். மற்றக் காரணம் எளியது: இசைக்குறிப்பே கிடைக்கவில்லை. முழுத் தொகுதியை அச்சிடும் முயற்சி 1907இல்தான் தொடங்கியது. ராபின்ஸ் லாண்டன் என்ற அறிஞரின் உழைப்பால் 1960களில்தான் எல்லாச் சிம்பொனிகளும் நம்பகமான பதிப்பாக முழுமையடைந்தன. ஆகவே இவற்றில் பலவற்றைக் கேட்கும் வாய்ப்பு நம் பாட்டன்மார் காலத்து ஐரோப்பியருக்கே கிடைத்ததில்லை.

நமக்குக் கிடைத்திருக்கிறது. 1956 எழுச்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய ஹங்கேரியர்கள் சேர்ந்து அமைத்த ஃபில்ஹார்மோனியா ஹங்காரிக்கா குழுவோடு நடத்துநர் அந்தால் டோராட்டி 1969 முதல் 1972 வரை அத்தனையையும் பதிவு செய்தார். கொஞ்சம் நிதானமான வாசிப்பு. தொடங்குபவர்களுக்கு அது நல்லது. ஆடம் ஃபிஷரின் தொகுதி, ஹைடன் பணிபுரிந்த ஐஸன்ஷ்டாட் அரண்மனை மண்டபத்திலேயே பதிவானது. ஜொவான்னி அன்டோனினி இப்போது ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வருகிறார். ஹைடன் பிறந்த 300ஆம் ஆண்டான 2032இல் முடிப்பது அவர் திட்டம். கூர்மையும் வேகமும் வேண்டுமென்றால் அவரிடம் போங்கள். 45ஐ டோராட்டியிடமும் அன்டோனினியிடமும் கேட்டுப் பாருங்கள், ஒரே எழுத்து எவ்வளவு வேறுபட்டு ஒலிக்கும் என்று தெரியும்.

சில வேண்டுகோள்கள் மட்டும். ‘மனத்துக்கு இதமான செவ்வியல் இசை’ என்று யாரோ தொகுத்து வைத்த பட்டியலில் ஒரு பகுதியைப் பிய்த்துக் கேட்காதீர்கள். நான்கு பகுதிகளையும் வரிசையாகக் கேளுங்கள். வேறு வேலை செய்துகொண்டு கேட்காதீர்கள். அதே சிம்பொனியை மறுநாள் இன்னொரு முறை கேளுங்கள், முதல் முறையில் கிடைக்காதது அப்போது கிடைக்கும். பட்டப்பெயர்களை நம்பாதீர்கள். பெரும்பாலானவை ஹைடன் வைத்தவை அல்ல. 96ஐ ‘அற்புதம்’ என்கிறார்கள், சரவிளக்கு அறுந்து விழுந்தும் யாருக்கும் பெரிய காயம் படாத கச்சேரி என்று. விளக்கு விழுந்தது 1795இல் 102ஐ வாசித்த இரவில். பெயரே இல்லாத 102 எந்தப் பட்டியலிலும் வராமல் கிடக்கிறது. என்னைக் கேட்டால் லண்டன் சிம்பொனிகள் பன்னிரண்டில் அதற்கே முதலிடம்.

பிறகு பீத்தோவனிடம் போங்கள். 1792 நவம்பரில் வியன்னாவுக்கு வந்து ஹைடனிடம் பாடம் கேட்ட இளைஞர் அவர். ஐந்தாவது சிம்பொனியின் அந்த நான்கு சுரம் ஒரு மாபெரும் கட்டடமாக எழுவதைக் கேட்கும்போது, இந்தக் கலையை அவர் எந்த வீட்டில் கண்டார் என்று உங்களுக்கே தெரியும்.

வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் 104 சிம்பொனிகளுக்குச் சரியாக இரண்டு ஆண்டுகள். வரும் ஞாயிற்றுக்கிழமை 88இல் தொடங்குங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.